ரயில் பார்க்கவே சென்னைக்கு வருகிறீர்களா? இரண்டு நாளுக்கு ஒரு வழிகாட்டி

சென்னைக்கு முதல்முறை வருகிறவர்களுக்கு மெரினாவையும் மயிலாப்பூரையும் மாமல்லபுரத்தையும் காட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். "எனக்கு இன்ஜின் பார்க்கணும், எந்த பிளாட்பாரத்தில் நின்றால் வண்டி முழுசாகத் தெரியும்?" என்று கேட்டால் மட்டும் பதில் கிடைப்பதில்லை. கவுன்டரில் கேட்டால் ஊருக்குப் போக டிக்கெட் வேண்டுமா என்பார்கள். பாதுகாப்புக்கு நிற்பவரிடம் கேட்டால் எதற்காகக் கேட்கிறீர்கள் என்பார். இப்படி ஒவ்வொரு இடமாக அலைந்து சேர்த்த விவரங்களை, நடக்க வேண்டிய வரிசையிலேயே கீழே தருகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: சென்னையில் ரயில் பார்க்கப் பணம் அதிகம் வேண்டாம், சரியான டிக்கெட்டும் சரியான நேரமும்தான் வேண்டும்.

1. நாளைத் தேர்ந்தெடுங்கள்

திங்கட்கிழமை வேண்டாம். ரயில் அருங்காட்சியகத்துக்கு அன்றுதான் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமையும் அவ்வளவு நல்லதல்ல. மின்சார ரயில்கள் அன்று குறைவாகவே ஓடும், தண்டவாளப் பராமரிப்புக்காக ரத்து செய்வதும் அன்றுதான் அதிகம். செவ்வாய், புதன் அல்லது புதன், வியாழன் என்று அடுத்தடுத்து இரண்டு நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாதம் என்று பார்த்தால் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி முடிய அருமையான காலம். மே மாத நண்பகலில் திறந்த பிளாட்பாரத்தில் நிற்பது உடம்புக்கு ஆகாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை எந்த நாளைக் கெடுக்கும் என்று சொல்ல முடியாது. தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய வாரங்களைக் கட்டாயம் தவிர்த்துவிடுங்கள். கூட்டத்தைக் கட்டுப்படுத்தப் பெரிய நிலையங்களில் பிளாட்பாரம் டிக்கெட் விற்பனையையே நிறுத்திவிடுவது உண்டு. அப்படி ஆனால் உள்ளே போக வழியே கிடையாது.

2. கையில் இருக்க வேண்டியவை

போட்டோ உள்ள அடையாள அட்டை ஒன்று, அசல். ஆதார், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை எதுவானாலும் சரி. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் என்றால் பாஸ்போர்ட். உள்ளூர் ரயிலில் ஏற இது தேவையில்லை. ஆனால் கேமராவோடு நிற்கும்போது யாராவது வந்து விசாரித்தால் அடுத்த நிமிடமே எடுத்துக் காட்ட வேண்டும். பையின் அடியில் தேடிக்கொண்டிருந்தால் விசாரணை நீளும்.

போனில் ரயில்வேயின் ரயில்ஒன் செயலியை ஊரிலேயே நிறுவி, பதிவு செய்து, பணம் செலுத்தும் வழியையும் சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பிளாட்பாரம் டிக்கெட், மின்சார ரயில் டிக்கெட் இரண்டையும் இதிலேயே எடுக்கலாம். இதில் சிக்கல் வருகிற இடங்கள் மூன்று. நிலையத்துக்கு உள்ளேயோ தண்டவாளத்துக்கு மிக அருகிலோ நின்றுகொண்டு காகிதமில்லா டிக்கெட் எடுக்க முடியாது; வெளியே இருக்கும்போதே எடுங்கள், அல்லது நிலையத்தில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து எடுங்கள். ஸ்கிரீன்ஷாட் செல்லாது, செயலியைத் திறந்துதான் காட்ட வேண்டும். போன் அணைந்துபோனால் டிக்கெட் இல்லாதவர் கணக்குதான். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். நாள் முழுக்கப் படமெடுக்கிற போன் சாயங்காலம் வரை தாங்காது, அதனால் பவர் பேங்க் அவசியம்.

வண்டிகளின் அன்றைய நிலவரத்துக்கு ரயில்வேயின் என்.டி.இ.எஸ். செயலியை வைத்துக்கொள்ளுங்கள். எந்த பிளாட்பாரம், எவ்வளவு தாமதம் என்று அதில் தெரிந்துவிடும். பழைய காலஅட்டவணைப் படத்தை நம்பி விடியற்காலையில் கிளம்பாதீர்கள்.

3. டிக்கெட் கணக்கு

பிளாட்பாரம் டிக்கெட் 10 ரூபாய், இரண்டு மணி நேரம் செல்லும். மின்சார ரயிலில் சாதாரண வகுப்புக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். கடற்கரை நிலையத்திலிருந்து வேளச்சேரி வரை பறக்கும் ரயிலில் (பெரும்பாலும் மேம்பாலத்தில் ஓடும் மின்சார ரயில்) போனாலும் பத்து ரூபாயைத் தாண்டாது. மெட்ரோவில் பத்திலிருந்து ஐம்பது ரூபாய் வரை. ஆக, இரண்டு நாளைக்கும் ரயில் செலவு மட்டும் பார்த்தால் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். ஆட்டோவுக்குத்தான் அதைவிட அதிகம் ஆகும்.

ரயில் ரசிகர்கள் அதிகம் மாட்டுவது ஓர் இடத்தில்தான். மின்சார ரயில் டிக்கெட்டில் இடையில் இறங்கி, வேடிக்கை பார்த்துவிட்டு, அதே டிக்கெட்டில் அடுத்த வண்டி ஏற முடியாது. டிக்கெட் எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் பயணத்தையும் தொடங்கியாக வேண்டும். எந்த நிலையத்தில் நின்று பார்க்கப் போகிறீர்களோ, அங்கே வெளியே வந்து அந்த நிலையத்துக்கே பிளாட்பாரம் டிக்கெட் எடுங்கள். பத்து ரூபாயில் தலைவலி தீரும்.

முதல் வகுப்புப் பெட்டி, பெண்கள் பெட்டி எவை என்று ஏறுமுன் பாருங்கள். பெட்டியின் வெளிப்புறத்திலேயே எழுதியிருக்கும். ஓடிப்போய் ஏறும் அவசரத்தில் முதல் வகுப்பில் ஏறி அபராதம் கட்டுகிறவர்களைத் தினமும் பார்க்கலாம்.

4. கேமராவை வெளியே எடுக்குமுன்

இதைப் பொறுமையாகப் படியுங்கள். பிளாட்பாரம் டிக்கெட் என்பது நிற்பதற்கான அனுமதிதான். படப்பிடிப்புக்கான அனுமதி அல்ல. சொந்த ஆல்பத்துக்காக செல்போனில் நாலு படம் எடுக்கிறவரைப் பெரும்பாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. டிரைபாடை விரித்தாலோ, நீண்ட லென்ஸை மாட்டினாலோ, மைக் பிடித்துப் பேசினாலோ கேள்வி வரும். வணிக நோக்கில் எடுப்பதென்றால் முன்னனுமதியும் கட்டணமும் உண்டு. அதற்குத் தெற்கு ரயில்வேயின் மக்கள் தொடர்புப் பிரிவை அணுக வேண்டும். தலைமையகம் சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வந்த அன்று கேட்டு அன்றே கிடைக்கிற விஷயமல்ல. வாரக்கணக்கில் முன்கூட்டியே எழுதுங்கள்.

ஒரு நிலையத்தில் என்னை நிறுத்தி, போனில் இருந்த ஆல்பம் முழுவதையும் திறந்து காட்டச் சொன்னார்கள். வாக்குவாதம் செய்யவில்லை. டிக்கெட்டைக் காட்டி, "ரயில் பிடிக்கும் சார், இன்ஜின் நம்பர் எடுத்தேன்" என்று சொன்னதும் விட்டுவிட்டார்கள். உண்மையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். அழிக்கச் சொன்னால் அழித்துவிடுங்கள். அந்த ஒரு படத்துக்காக மீதி நாளை இழக்க வேண்டாம்.

சிக்னல் அறை, கட்டுப்பாட்டு அறை, பாதுகாப்புப் பணியாளர்கள் ஆகியோரைப் படமெடுக்காதீர்கள். டிரோனை ஊரிலேயே வைத்துவிட்டு வாருங்கள். மஞ்சள் கோட்டைத் தாண்டாதீர்கள். தண்டவாளத்தில் இறங்குவது ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி குற்றம்: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வீடியோ எடுப்பதற்கும் தண்டனை உண்டு. சட்டத்தை விடுங்கள், சென்னையில் மின்சார ரயில் நீங்கள் நினைப்பதைவிடச் சத்தமில்லாமல் வரும். இயர்போனைக் கழற்றி வையுங்கள்.

5. தங்குவதும் பையை வைப்பதும்

சென்ட்ரல், எழும்பூர் இரண்டிலும் ஓய்வறைகள் உண்டு. ஆனால் உறுதியான பயண டிக்கெட்டின் பி.என்.ஆர். எண் இருந்தால்தான் பதிவு செய்ய முடியும். ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் முன்பே பதிவு செய்துவிடுங்கள், நேரில் போய்க் கேட்டால் பெரும்பாலும் காலி இருக்காது. கிடைக்காவிட்டால் எழும்பூர் நிலையத்தைச் சுற்றித் தங்கும் விடுதிகள் நிறைய. ரயில் பார்க்க வருகிறவருக்கு எழும்பூரே வசதி. அங்கிருந்து சென்ட்ரல் மெட்ரோவில் அடுத்த நிறுத்தம்.

பையை க்ளோக் ரூமில் வைக்கப் பயண டிக்கெட்டும் அடையாள அட்டையும் கேட்பார்கள். பையில் பூட்டு இருக்க வேண்டும். சின்னப் பூட்டு ஒன்றைக் கையோடு கொண்டு வாருங்கள்.

6. முதல் நாள் விடியல்: சென்ட்ரல்

ஐந்தேகாலுக்கெல்லாம் உள்ளே இருங்கள். மைசூருக்குப் போகும் வந்தே பாரத், சதாப்தி இரண்டும் ஆறு மணியை ஒட்டி அடுத்தடுத்துக் கிளம்பும். அதே நேரத்தில் இரவு வண்டிகள் வரிசையாக உள்ளே வரும். உங்கள் இரண்டு மணி நேர டிக்கெட்டுக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது.

எங்கே நிற்பது? சென்ட்ரல் ஒரு முனையம். தண்டவாளம் அங்கேயே முடிகிறது. அதனால் உள்ளே வரும் வண்டியின் இன்ஜின் நேராகப் பயணிகள் கூடத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், கிளம்பும் வண்டியின் இன்ஜின் பிளாட்பாரத்தின் மறுகோடியில் இருக்கும். எல்.எச்.பி. என்ற புதிய வகைப் பெட்டிகள் இருபத்திரண்டு கொண்ட வண்டி என்றால் அரை கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். அதனால் கூடத்துப் பக்கம் நின்று, வந்து சேரும் வண்டிகளை முதலில் பாருங்கள். வண்டி நின்றதும் தண்டவாள முடிவில் இருக்கும் தடுப்புக்கும் இன்ஜினுக்கும் நடுவில் எவ்வளவு இடம் விடுகிறார்கள் என்று கவனியுங்கள். அந்த லோகோ பைலட்டின் கை எவ்வளவு நிதானமானது என்று அதில் தெரியும். பிறகு ஆள் வந்து இன்ஜினைக் கழற்றுவார். ஐ.சி.எஃப். (சென்னையின் ரயில் பெட்டித் தொழிற்சாலை) செய்த பழைய வகைப் பெட்டிகளில் திருகாணி இணைப்பு, எல்.எச்.பி. பெட்டிகளில் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் இணைப்பு. இரண்டையும் பக்கத்துப் பக்கத்து பிளாட்பாரத்தில் ஒரே காலையில் பார்த்துவிடலாம்.

இன்ஜினின் பக்கவாட்டில் அது எந்த ஷெட்டை, அதாவது பராமரிப்புக் கூடத்தை, சேர்ந்தது என்று எழுதியிருக்கும். ராயபுரம், அரக்கோணம், ஈரோடு மூன்றும் இங்கே அடிக்கடி கண்ணில் படும். வெளி மண்டலத்து ஷெட் பெயர் கிடைத்தால் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு. சென்ட்ரலின் எதிர்ப்புறம் சென்னைப் பூங்கா என்றொரு நிலையம், தாம்பரம் தடத்துக்கு. பூங்கா நகர் என்று வேறொன்று, பறக்கும் ரயிலுக்கு. பேச்சுவழக்கில் பார்க், பார்க் டவுன். அரக்கோணம், கும்மிடிப்பூண்டிப் பக்கம் போகும் மின்சார ரயில்களுக்கோ சென்ட்ரலை ஒட்டியே மூர் மார்க்கெட் வளாகத்தில் தனி முனையம். வழி கேட்கும்போது எந்தத் தடம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

7. பேசின் பிரிட்ஜும் பெரம்பூரும்

மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து மின்சார ரயிலில் முதல் நிறுத்தம் பேசின் பிரிட்ஜ். சென்ட்ரலுக்குள் நுழைகிற, வெளியேறுகிற வண்டி எல்லாம் இந்தப் பக்கமாகத்தான் வர வேண்டும். பெட்டிகளைக் கழுவிப் பராமரிக்கும் யார்டும் இங்கேதான். வண்டிகள் மெதுவாக ஊர்ந்து போவதால் எண்களைப் படிக்கவும் படமெடுக்கவும் நேரம் கிடைக்கும். நிழல் குறைவு, கடைகள் குறைவு. தண்ணீர் கையில் இருக்கட்டும். இருட்டிய பிறகு தனியாக இங்கே நிற்க வேண்டாம்.

ஒரு மணி நேரம் போதும். அடுத்து பெரம்பூர். நிறைய எக்ஸ்பிரஸ்கள் இங்கே நின்று போகும். நிற்காத வண்டிகள் வேகமாகக் கடக்கும். வேகத்தைக் காதால் உணர இதுதான் இடம்.

8. ரயில் அருங்காட்சியகம்

ஐ.சி.எஃப்.பின் ஃபர்னிஷிங் பிரிவை ஒட்டி, நியூ ஆவடி சாலையில் இருக்கிறது. காலை பத்து மணிக்குத் திறந்து மாலை ஆறு மணிக்கு மூடுவார்கள். வில்லிவாக்கம் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடியுங்கள். "ஐ.சி.எஃப்." என்று மட்டும் சொன்னால் தொழிற்சாலை வாசலில் இறக்கிவிடுவார்கள். "மியூசியம்" என்று மட்டும் சொன்னால் எழும்பூருக்கா என்பார்கள். "ஐ.சி.எஃப். ரயில் மியூசியம்" என்று முழுசாகச் சொல்லுங்கள். நுழைவுச்சீட்டு எடுக்கும்போதே கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று கேட்டு, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

திறந்தவெளியில் நீராவி இன்ஜின்களும் பழைய பெட்டிகளும் நிற்கின்றன. நிலையத்தில் ஒரு இன்ஜினைச் சக்கரத்தின் உயரத்தில் இருந்து பார்க்க முடியாது, பிளாட்பாரம் மறைத்துவிடும். இங்கே தரையில் நின்று, சக்கரங்களை இணைக்கும் தண்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் தொட்டுக்கூடப் பின்தொடரலாம். ஊட்டி மலை ரயிலின் நீராவி இன்ஜினையும், 1895ஆம் ஆண்டின் ஃபவுலர் உழவு இன்ஜினையும் விட்டுவிடாதீர்கள். பின்னது தண்டவாளத்தில் ஓடியதல்ல, நிலத்தை உழுவதற்கான நீராவி இயந்திரம். குழந்தைகளோடு வந்திருந்தால் சுற்றிவரும் பொம்மை ரயில் இருக்கிறது. மொத்தம் இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். உள்ளே இருக்கும் மாதிரிகளை வெயில் ஏறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்; வெளியில் நிற்பவற்றை முதலில் முடித்துவிடுங்கள்.

வந்தே பாரத் முதன்முதலில் 2018இல் உருவானது இதே ஐ.சி.எஃப்.பில்தான். ஆனால் தொழிற்சாலைக்குள் தனி ஆளாகப் போய்ப் பார்க்க முடியாது. வாசலில் நின்று கெஞ்சி நேரத்தை வீணாக்காதீர்கள்.

9. பிற்பகல்: பறக்கும் ரயில்

கடற்கரை நிலையத்திலிருந்து வேளச்சேரி வரை ஒருமுறை முழுசாகப் போய்வாருங்கள். மதியம் இரண்டு, மூன்று மணிக்குப் பெட்டி காலியாக இருக்கும். ஐந்து மணிக்கு மேல் ஜன்னல் கிடைக்காது. போகும்போது இடது பக்கம் உட்காருங்கள். கடல் அந்தப் பக்கம். சேப்பாக்கத்தில் கிரிக்கெட் மைதானத்தை ஒட்டியே தடம் போகும், பிறகு பக்கிங்காம் கால்வாயின் மேலேயே வெகுதூரம் ஓடும். கிரீன்வேஸ் சாலைக்கும் கோட்டூர்புரத்துக்கும் நடுவில் அடையாற்றைக் கடக்கும் அந்த அரை நிமிடத்துக்காகவே இந்தப் பயணத்தை நான் எல்லோருக்கும் சொல்வேன். திருமயிலையில் இறங்கி, அந்த நிலையக் கட்டடம் எவ்வளவு பெரியது, எவ்வளவு காலியாகக் கிடக்கிறது என்றும் பாருங்கள். இந்தத் தடத்தின் சில நிலையங்கள் இரவில் வெறிச்சோடிவிடும். இருட்டுமுன் திரும்பிவிடுங்கள்.

10. இரவு: எழும்பூர்

ஏழு மணியிலிருந்து பதினொன்றரை வரை தென் மாவட்ட எக்ஸ்பிரஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும். பாண்டியன், நெல்லை, முத்துநகர், பொதிகை, மலைக்கோட்டை என்று பெயர்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த அறிவிப்புகளே போதும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்பதென்றால் வெளியே வந்து இன்னொரு பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு போங்கள்.

நிலைய மறுசீரமைப்புப் பணிக்காகச் சில வண்டிகளின் புறப்பாட்டைத் தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் மாற்றி வந்திருக்கிறார்கள். நீங்கள் பார்க்க விரும்பும் வண்டி எங்கிருந்து கிளம்புகிறது என்று அன்று மாலையே என்.டி.இ.எஸ்.ஸில் பாருங்கள். மூட்டை முடிச்சோடு ஓடுகிறவர்களுக்கு வழிவிட்டுத் தூண் ஓரமாக நில்லுங்கள்.

11. இரண்டாம் நாள்: வடக்கா, தெற்கா?

வடக்கே என்றால் விடியற்காலையில் கடற்கரை நிலையம் போய், கும்மிடிப்பூண்டித் தடத்து வண்டி ஏறுங்கள். அடுத்த நிறுத்தமே ராயபுரம், 1856இல் திறந்த நிலையம். தூண்கள் தாங்கிய பழைய கட்டடம் இன்னும் நிற்கிறது. சென்ட்ரலிலிருந்து கிளம்பும் மின்சார ரயில்கள் ராயபுரம் வழியாகப் போகாது, அதனால் கடற்கரையிலிருந்துதான் ஏற வேண்டும். அங்கிருந்து எண்ணூர் தாண்டி அத்திப்பட்டு புதுநகர் வரை போனால் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தைக் கடக்கலாம். கூட்ஸ் வண்டிப் பிரியர்களுக்கு இந்தத் தடம்தான். அனல் மின் நிலையங்களுக்கு நிலக்கரி ரேக்குகள் வந்தபடி இருக்கும். மின் நிலையம், துறைமுகம் பக்கம் மட்டும் கேமராவைத் திருப்பாதீர்கள்.

தெற்கே என்றால் செங்கல்பட்டு. கடற்கரையிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். எழும்பூர் தாண்டியதும் எக்ஸ்பிரஸ்கள் பக்கத்துத் தடத்தில் உங்களோடு ஓடி வருவதைப் பார்க்கலாம். பரனூர் தாண்டி செங்கல்பட்டு நெருங்கும்போது கொளவாய் ஏரி வரும். அந்த நேரத்தில் போனைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். இந்தத் தடத்தில் ஏ.சி. மின்சார ரயில் 2025 ஏப்ரலில் வந்தது. குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய், சாதாரண டிக்கெட்டில் ஏற முடியாது. ஒருவழி அதில் போய், மறுவழி சாதாரண வண்டியில் ஜன்னல் காற்றோடு திரும்புங்கள் என்பது என் யோசனை.

இரண்டில் ஒன்று என்றால் நான் வடக்கைச் சொல்வேன். செங்கல்பட்டுத் தடத்தை ஊருக்குத் திரும்பும்போதுகூடப் பார்த்துக்கொள்ளலாம். எண்ணூர்ப் பக்கம் அப்படித் தற்செயலாக யாரும் போவதில்லை.

12. நீராவி வேண்டும் என்பவர்களுக்கு

1855இல் செய்த ஈ.ஐ.ஆர். 21 என்ற நீராவி இன்ஜினைப் பெரம்பூர் லோகோ பணிமனையில் மீட்டு ஓடவைத்திருக்கிறார்கள். குடியரசு தினம், சுதந்திர தினம் போன்ற நாட்களில் எழும்பூர், கோடம்பாக்கம் இடையே ஓட்டியிருக்கிறார்கள். ஆண்டுதோறும் உறுதி என்று சொல்ல முடியாது. அறிவிப்பும் கடைசி நாட்களில்தான் வரும். அதனால் இதை மட்டும் நம்பி டிக்கெட் போடாதீர்கள். ஜனவரி கடைசியில் வருவதாக இருந்தால் 26ஆம் தேதியையும் சேர்த்துத் திட்டமிட்டு, அந்த வாரம் தெற்கு ரயில்வேயின் அறிவிப்புகளையும் நாளிதழ்களின் சென்னைப் பக்கத்தையும் தினமும் பார்த்துவாருங்கள். ஓடுவது உறுதியானால் எழும்பூரின் கூட்டத்தில் நிற்க வேண்டாம். சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம் போன்ற இடைநிலையம் ஒன்றில் ஒரு மணி நேரம் முன்பே பிளாட்பாரம் டிக்கெட்டோடு நின்றால், இன்ஜின் ஓடிக்கொண்டே கடப்பதைப் பார்க்கலாம்.